மாண்டலேக்கு யார் முதலில்? சிகாகோ எக்ஸ்பிரஸுக்கு ஒரு பர்மா வரைபடம்

ஏலச்சீட்டு பிடித்துப் பழகிய கைக்கு, சிகாகோ எக்ஸ்பிரஸ் போல ரயில் கம்பெனிப் பங்குகளை ஏலம் எடுக்கும் பலகை ஆட்டம் முதல் தடவை தப்பாகத்தான் வரும். சீட்டில் ஒருவர் தள்ளி எடுத்தால் அந்தக் கழிவு மற்ற எல்லாருக்கும் பிரிந்து வந்துவிடும். இங்கே ஏலத்தில் கொடுக்கும் காசு எந்த ஆட்டக்காரர் கைக்கும் போகாது. எந்தக் கம்பெனியின் பங்கோ, அந்தக் கம்பெனியின் கல்லாவில் விழும். கல்லாக் காசைத் தண்டவாளம் போட மட்டுமே எடுக்கலாம். அதுவும் அந்தக் கம்பெனியில் ஒரு பங்காவது வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். “நான் போட்ட காசு எங்கேண்ணே?” என்று புது ஆள் கேட்பது இந்த இடத்தில்தான். இதைச் சொல்லிப் புரியவைத்த பிறகு ஆரம்பித்தால் பாதிச் சண்டை குறையும்.

மூல ஆட்டம் ஹாரி வூ வடிவமைத்தது. 2007இல் வின்சம் கேம்ஸ் வழியாக வாபாஷ் கேனன்பால் என்ற பெயரில் வந்தது. பிறகு குவீன் கேம்ஸ் அதைச் சிகாகோ எக்ஸ்பிரஸ் என்று பெரிய பெட்டியில் போட்டது. பகடை கிடையாது. உங்கள் முறையில் செய்யக்கூடியது மூன்றே காரியம்: ஒரு பங்கை ஏலத்துக்கு விடுவது, பாதை நீட்டுவது, ஓர் இடத்தை வளர்ப்பது. கடைசியில் ரொக்கம் அதிகம் வைத்திருப்பவர் ஜெயிப்பார். பங்குச் சீட்டுக்குக் காலணா மதிப்பு கிடையாது. அதிகாரபூர்வ விரிவாக்கம் ஒன்றும் உண்டு, குறுகிய பாதைகளும் எரி (Erie) என்ற ரயில் கம்பெனியும் சேர்ந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூலப் பலகையின் அமெரிக்க ஊர்களான பால்டிமோரும் பிட்ஸ்பர்க்கும் நம் மேசையில் ஒட்டவில்லை என்பவர்களுக்காக, வீட்டிலேயே செய்துகொள்ளும் பர்மா வரைபடம் இது. விலை, வருமானம், வரம்பு என்று கீழே வரும் எண்களெல்லாம் இந்த வரைபடத்துக்கானவை. மூலப் பலகையின் எண்களோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பர்மா பொருந்துவதற்குக் காரணம் நம் ஆறுகள். 1877 மே மாதம் ரங்கூனிலிருந்து புரோமுக்கு முதல் பாதை திறந்தார்கள், ஐராவதிப் பக்கமாக. 1884இல் சித்தாங் பள்ளத்தாக்கில் பெகு வழியாக டவுங்கூ வரை. மேல் பர்மா பிரிட்டிஷ்காரன் கைக்குப் போன பிறகு அதே பாதை 1889இல் மாண்டலேயைத் தொட்டது. ஆற்றுக்கு அக்கரையில் சகாயிங்கில் தொடங்கிய இன்னொரு பாதை 1891இல் ஷ்வேபோ, 1893இல் வுந்தோ, 1898இல் மியிச்சீனா என்று வடக்கே ஏறியது. ஷான் மலைப் பக்கம் கோக்தேக் பாலம் 1900இல் முடிந்தது. பெகு–மார்த்தபான் 1907. ஆக, ஐந்து வழி, ஐந்து நிறம். உண்மையில் இவை ஒன்றோடொன்று மோதிய தனியார் கம்பெனிகள் அல்ல. 1896இல் எல்லாம் பர்மா ரயில்வே கம்பெனி என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. ஆட்டத்துக்காகப் பிரித்து வைத்திருக்கிறோம், பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிடப் போகிறார்கள்.

பங்கு எண்ணிக்கை முதலில், படம் பிறகு

வரைபடம் செய்ய உட்காருகிறவர்கள் மலையும் ஆறும் வரைவதில் ஒரு வாரம் போக்கிவிட்டு, பங்கு எண்ணிக்கையைக் கடைசி அரை மணி நேரத்தில் முடிவு செய்கிறார்கள். தலைகீழ். டிவிடெண்ட் என்பது கம்பெனியின் வருமானத்தை விற்ற பங்குகளால் வகுத்து, மிச்சம் இருந்தால் மேல்நோக்கி முழுமையாக்கி, பங்குக்கு இவ்வளவு என்று கல்லாவிலிருந்து அல்லாமல் வங்கியிலிருந்து கொடுப்பது. வகுக்கும் எண்ணில் கை வைத்தால் ஆட்டமே மாறிவிடும். எல்லாக் கம்பெனிக்கும் நான்கு பங்கு என்று வைத்துப் பாருங்கள்: எந்த நிறமும் எந்த நிறத்திலிருந்தும் வேறுபடாது, கிட்டத்தில் இருப்பதை எடுத்தால் போதும் என்றாகிவிடும்.

அதனால் மூலப் பெட்டியின் கணக்கையே வைத்துக்கொள்கிறோம்: சிவப்பு 3, மஞ்சள் 4, நீலம் 5, பச்சை 6, கறுப்பு 2. மொத்தம் 20 சீட்டு. பெட்டி கைவசம் இருந்தால் அந்தச் சீட்டுகளே போதும். நிறத்துக்கு வழியைப் பொருத்துவதுதான் வேலை. மாண்டலேக்கு நேர்வழி சித்தாங் பாதை. மிகச் சுலபம், ஆகவே அதற்கு 6 பங்கு, பச்சை. மூ பள்ளத்தாக்கு, அதாவது சகாயிங்–மியிச்சீனா பாதை, நீலம். மார்த்தபான் மஞ்சள். புரோம் பாதை மூன்றே பங்குள்ள சிவப்பு. சின்னது, ஆனால் கெட்டி. ஷான் மலைப் பக்கத்து லாஷியோ பாதை கறுப்பு, அது மாண்டலேயை யாராவது தொடும் வரை ஆட்டத்துக்குள் வராது.

படமும் கட்டையும்

ஏ2 தாள் 420 × 594 மில்லிமீட்டர், செங்குத்தாக. அறுகோணத்தின் முனை வடக்கே பார்க்கட்டும். எதிர்ப்பக்கங்களுக்கு இடையே 28 மில்லிமீட்டர் வைத்தால் வரிசைக்கு வரிசை 24.25 மில்லிமீட்டர் வரும். 22 வரிசை, 14 பத்தி. உயரம் 542, அகலம் 400க்குச் சற்று மேல். ஓர் அறுகோணம் ஏறக்குறைய 32 மைல் என்று வைத்தால் ரங்கூனிலிருந்து டவுங்கூ ஐந்தாவது, மாண்டலே பன்னிரண்டாவது. வருமான அளவுகோலுக்குத் தாளில் இடம் இருக்காது. தனி ஏ4 தாளில் 0 முதல் 30 வரை போட்டுக்கொள்ளுங்கள். அறுகோணத்தை 22 மில்லிமீட்டருக்குச் சுருக்கி எல்லாவற்றையும் ஒரே தாளில் திணிக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். பெகுவில் பாதையைக் காட்டும் மூன்று கம்பெனிக் கட்டையும் ஒரு வளர்ச்சி வில்லையும் வந்து உட்காரும்போது எது எந்த அறுகோணம் என்று தெரியாமல் போகும்.

அட்டையில் மாவுப் பசை தடவி ஒட்டிய படம் ரங்கூன் மழைக்காலத்தில் ஒரு மாதம் தாங்காது. ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் அந்தப் பக்கமாக அட்டை சுருளும். ஒட்டுவதானால் பின்பக்கமும் அதே கனத்தில் ஒரு தாள் ஒட்ட வேண்டும். சைன்போர்டுக் கடையில் வினைலில் அடித்துக்கொள்வது சுலபம். பளபளப்பு வேண்டாம், மேட் என்று சொல்லிக் கேளுங்கள். பளபளப்பில் கட்டை வழுக்கும், விளக்கும் கண்ணில் அடிக்கும். சுருட்டி வைக்கும்போது படம் வெளிப்பக்கம் இருக்கட்டும், விரிக்கும்போது ஓரம் தூக்காது. வெற்றிலை போட்டுக்கொண்டு விளையாடும் மேசையானால் மேலே ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளும் தேவை.

கட்டைகள் 8 மில்லிமீட்டர். தச்சுப் பட்டறையில் 8க்கு 8 சட்டம் ஒரு மீட்டர் வாங்கினால் போதும். ரம்பம் 1.5 மில்லிமீட்டர் தின்னும், ஆகவே ஒரு கட்டைக்கு 9.5. தேவை சிவப்பு 10, மஞ்சள் 15, நீலம் 12, பச்சை 16, கறுப்பு 5. மொத்தம் 58 கட்டைக்கு 551 மில்லிமீட்டர் போகும். மீதியில் தொலைவதற்கு மாற்றுக் கட்டை அறுத்துக்கொள்ளலாம். எனாமல் பெயின்ட் அடித்தால் ஈரக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துணிச்சாயத்தை வெந்நீரில் கரைத்து முக்கி எடுத்து நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். மின்சாரம் போய் மெழுகுவத்தி வெளிச்சத்துக்கு வந்தால் நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். நீலக் கட்டையின் ஒரு முகத்தில் வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டால் தொல்லை விட்டது.

பணத்துக்குச் சில்லுகள்: 1 ரூபாய் 40, 5 ரூபாய் 30, 10 ரூபாய் 20, 20 ரூபாய் 10. (அந்தக் காலத்து பர்மாவில் புழங்கியதும் ரூபாய்தானே.) ஆரம்பத்தில் எல்லாருக்கும் சேர்த்து 120, மூன்று பேர் என்றால் ஆளுக்கு 40, நான்கு பேருக்கு 30, ஐந்து பேருக்கு 24. கம்பெனிக் கல்லாவுக்கு ஐந்து சிறு கிண்ணம் வையுங்கள். சொந்தக் காசையும் கம்பெனிக் காசையும் ஒரே குவியலில் வைக்கும் மேசையில் கணக்கு மூன்றாவது சுற்றிலேயே கெடும்.

இந்த வரைபடத்தின் விதிகள்

ஓர் அறுகோணத்தில் பாதை போடச் செலவு: சமவெளி 2, காடு 3, மலை 5. வேறு கம்பெனிக் கட்டை ஏற்கெனவே நின்றால் ஒவ்வொன்றுக்கும் 2 கூடுதல். ஒரு முறைக்கு அதிகம் மூன்று அறுகோணம். ஆரம்ப வருமானம் சிவப்பு 3, நீலம் 3, பச்சை 3. மோல்மீன் படகுத்துறையின் சரக்கு வருவதால் மஞ்சளுக்கு 4.

ஊரைத் தொட்டால் கம்பெனிக்கு ஏறும் வருமானம்: பெகு 1, டவுங்கூ 2, பின்மனா 1, தாசி 1, புரோம் 4, யெனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளுக்கு 4, ஷ்வேபோ 2, வுந்தோ 2, மியிச்சீனா 4, மாண்டலே 6. மாண்டலேயைத் தொட்ட கம்பெனி அந்த நிமிடமே தன் பங்குக்காரர்களுக்கு ஒரு தனி டிவிடெண்ட் கொடுக்கும். மாண்டலேக்கு 9, 10 என்று வைக்க ஆசை வரும். வைத்தால் எல்லாரும் பச்சையை மட்டுமே பார்ப்பார்கள், மியிச்சீனாப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

வளர்ச்சிக்கு 18 வில்லைகள். கம்பெனி தொட்ட காட்டிலோ ஊரிலோ ஒன்று வைத்தால் அங்கே கட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் வருமானம் 1 ஏறும். ஓர் அறுகோணத்துக்கு ஒன்றே. வயல்வெளியிலும் மாண்டலேயிலும் வைக்க முடியாது.

ஆற்றைக் கவனிக்காமல் விட்டால் ஆட்டம் கெடும். சகாயிங்குக்கும் மாண்டலேக்கும் இடையே ஒரே ஆறு. வெறும் ஓர் அறுகோணம் என்று விட்டால் நீலம் தன் முதல் முறையிலேயே மாண்டலேயில் நிற்கும், தனி டிவிடெண்ட் கொடுக்கும், கறுப்பும் திறந்துவிடும். பச்சை அப்போது பெகுவைக்கூடத் தாண்டியிருக்காது. ஆவா பாலம் வந்தது 1934இல்தான், அதுவரை படகுதான் என்பதை அப்படியே விதியாக்கினோம்: ஷ்வேபோவும் வுந்தோவும் இணைந்த பிறகே நீலம் ஆற்றைக் கடக்கலாம், கடக்க 12 ரூபாய். சகாயிங்கிலிருந்து வுந்தோவுக்குச் சமவெளி இரண்டு, காடு மூன்று, ஆக 13. பாலம் 12. நீலத்தை மாண்டலேக்குக் கொண்டுபோகக் கல்லாவில் 25 வேண்டும். ஒரு பங்கை விற்று அவ்வளவு சேர்வது அரிது, பெரும்பாலும் இரண்டாவது பங்கும் போக வேண்டும்.

சிவப்புக்கு 10 கட்டை மட்டுமே. ரங்கூனில் ஒன்று, புரோம் வரை ஐந்து, யெனாஞ்சாங் வரை நான்கு, தீர்ந்தது. மாண்டலே அதற்குக் கிடையாது. “இன்னும் நாலு கட்டை கொடுத்தால் என்ன?” என்று கேட்பார்கள். கொடுத்தால் மூன்றே பங்குள்ள கம்பெனி மாண்டலே வருமானத்தையும் சேர்த்து அள்ளும், மற்ற நான்கும் வேடிக்கை பார்க்கும்.

மூன்று காரியங்களுக்கும் வரம்பு உண்டு: ஏலம் 3, பாதை 5, வளர்ச்சி 4. மூன்று அட்டைக் கீற்றில் எண் எழுதி கீற்றுக்கொரு காகிதக் கிளிப் மாட்டிவிடுங்கள். ஏதாவது இரண்டு வரம்பைத் தொட்டதும் எல்லாக் கம்பெனியும் டிவிடெண்ட் கொடுத்து, கிளிப்புகள் சுழியத்துக்குத் திரும்பும். ஏழாவது டிவிடெண்டோடு முடிவு. அதற்கு முன்பே மூன்று கம்பெனிகளின் பங்கு முழுக்க விற்றுப்போயிருந்தால் அடுத்த டிவிடெண்டோடு முடிவு. கிளிப்பை நகர்த்திவிட்டு வேலையைச் செய்யாமல் சும்மா இருக்கலாம், அது விதிமீறல் அல்ல. புதியவர்களுக்கு இது வீண் முறையாகத் தெரியும். பச்சையில் மூன்றாவது பங்கை யாரோ ஏலத்துக்கு விடப் போகிறார், உங்களுக்கு அது பிடிக்கவில்லை. ஏலக் கிளிப் 2இல் நிற்கிறது. நீங்கள் யாருக்கும் வேண்டாத ஒரு பங்கை ஏலத்துக்கு விட்டு, எவரும் கேட்காமல் போனால், கிளிப் 3. டிவிடெண்ட் வரும் வரை ஏலம் மூடியாயிற்று. இந்த ஒன்று பிடிபட்ட பிறகுதான் ஆட்டம் சூடு பிடிக்கும்.

எவ்வளவு வரை கேட்கலாம்

ஆரம்பத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்ற வரிசையில் ஆளுக்கு ஆள் ஏலம் கேட்டு ஒவ்வொரு பங்கு போகும். நான்கு பேர் மேசையில் வழக்கமாக நடக்கும் தப்பு: சிவப்பு முதலில் வருகிறதே என்று 30இல் 24ஐக் கொடுத்துவிடுவது. கையில் 6. அடுத்த முறையே இன்னொருவர் சிவப்பின் இரண்டாவது பங்கை ஏலத்துக்கு விடுவார். உங்களால் 6க்கு மேல் போக முடியாது, 7க்கு அவர் எடுத்துக்கொள்வார். 24 கொடுத்தவருக்கும் பாதி, 7 கொடுத்தவருக்கும் பாதி. உங்கள் 24 கல்லாவில் கிடக்கிறது. யெனாஞ்சாங் வரை போகச் செலவு சமவெளி ஐந்துக்கு 10, காடு நான்குக்கு 12, மொத்தம் 22. பாதை உங்கள் காசில், வருமானம் 3+4+4=11, ஆளுக்கு ஐந்தரை, மேல்நோக்கிப் போனால் 6. அவர் 7 ரூபாய்க்கு வாங்கியது அது. முதல் ஏலத்தில் 14ஐத் தாண்டினால் கையை இழுத்துக்கொள்வது நல்லது.

மேல்நோக்கி முழுமையாக்குவது சின்ன விஷயம்போல் இருக்கும். சிவப்பின் மூன்று பங்கும் விற்றால் 11ஐ மூன்றால் வகுத்து ஆளுக்கு 4. வங்கி கொடுப்பது 12. ஒரு ரூபாய் காற்றில் வந்தது. வருமானம் சிறியதாக இருக்கும்போது இந்தத் துண்டுக் காசுதான் யாருக்குச் சாதகம் என்பதை முடிவு செய்யும். ஏலம் கேட்கும் முன் வகுத்துப் பாருங்கள்.

இப்போது நடு ஆட்டத்திலிருந்து ஒரு நிலை. பச்சை தாசியில் நிற்கிறது, வருமானம் 8, கல்லா காலி, இரண்டு பங்கு விற்றிருக்கிறது. ஒன்று உங்களிடம், ஒன்று எதிராளியிடம். இன்னும் மூன்று டிவிடெண்ட் பாக்கி. மூன்றாவது பங்கு ஏலத்துக்கு வருகிறது. அந்தக் காசு கல்லாவில் விழுந்தால் மாண்டலே மூன்றே அறுகோணம், ஒரே முறை. வருமானம் 14, மூன்று பங்கு, ஆளுக்கு 5. தனி டிவிடெண்டையும் சேர்த்தால் நான்கு தடவை, அதாவது பங்குக்கு 20. வெளியாள் ஒருவர் கேட்டால் அவருடைய உச்சம் 20. நீங்கள் கேட்டால்? வாங்கினால் 40, வாங்காவிட்டால் பழைய பங்குக்கு 20; உங்களுக்கும் அதே 20. ஆகவே இந்தப் பங்கு 17, 18க்குத் தீரும். இதில் உட்கார்ந்து சிரிப்பவர் மற்றொரு பங்கை வைத்திருக்கும் எதிராளி. அவர் ஒரு காசும் போடாமல் 12லிருந்து 20க்கு ஏறுகிறார். யார் அந்தப் பங்கை ஏலத்துக்கு விட்டாரோ அவர் தன் முறையையும் செலவழித்துவிட்டார். அதனால்தான் எல்லாருக்கும் லாபமான ஏலத்தை யாரும் விடாமல் மூன்று சுற்று இழுத்துக்கொண்டே போவார்கள். எதிராளி கையில் காசு வறண்ட சமயம் பார்த்து விடுவதே வழி.

இரண்டு பேர் விளையாடினால் இந்தக் கணக்கு வேலை செய்யாது, வெளியாள் இல்லையே. மூன்று பேருக்கு நன்றாக வரும், நான்கு பேருக்கு மிக நன்றாக வரும். ஐந்து பேர் என்றால், ஆரம்பத்தில் நான்கே பங்கு என்பதால், முதல் ஏலத்தில் ஒருவராவது பங்கே இல்லாமல் நிற்பார். அது பெரிய குறையல்ல, கை நிறையக் காசோடு இரண்டாவது பங்கை மலிவாக எடுப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

கறுப்பு

எந்தக் கம்பெனியாவது முதலில் மாண்டலேயைத் தொட்டால் கறுப்பின் முதல் பங்கு உடனே ஏலத்துக்கு வரும். ஆரம்ப வருமானம் 4, மேமியோ 2, லாஷியோ 6. வழி: மேமியோ 5, கோக்தேக் 10, சீபோ 5, லாஷியோ 5; மொத்தம் 25. கோக்தேக் அறுகோணத்துக்கு மட்டும் தனி விலை. 689 மீட்டர் நீளம், 102 மீட்டர் உயரம். அதைக் கட்டியது பென்சில்வேனியா ஸ்டீல் கம்பெனி. மூல ஆட்டத்துச் சிவப்பான பென்சில்வேனியா ரயில் கம்பெனியின் ஊரிலிருந்து இரும்பு வந்து நம் வரைபடத்தில் ஏறியிருக்கிறது.

கறுப்புக்கு இரண்டே பங்கு என்பதால் ஆசை வந்துவிடும். முழு வழிக்கும் போதும்படி 25 கேட்டு எடுத்தால், மற்றவர் இரண்டாவதை 8க்கோ 9க்கோ எடுத்துப் பாதி வருமானத்தை வாங்கிப்போவார். அதற்குப் பயந்து 14இல் நிறுத்தினால் வேறு சிக்கல். முதல் நடையில் மேமியோவுக்கு 5 போனது, கல்லாவில் 9. கோக்தேக்குக்கு 10. ஒரு ரூபாய் குறைகிறது, உங்கள் சட்டைப்பையில் நாற்பது இருந்தாலும் அதைக் கல்லாவில் போட முடியாது. மேமியோவில் நிற்கும் கறுப்புக் கட்டையைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது பங்கை நீங்களே ஏலத்துக்கு விட வேண்டியதுதான். அதற்கும் ஏலக் கிளிப் 3ஐத் தொடாமல் இருக்க வேண்டும்.